வட்டி எவ்வளவு?



அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த கடைத்தெரு ஒன்றில் மாலைப்பொழுதிலே சற்று நேரம் நின்று பாருங்கள். தோளில் ஒரு பையுடன் ஒருவர் இரு சக்கர வண்டியில் வந்து இறங்குவார். பூக்கடை, இட்டிலிக் கடை, தையற்கடை என்று வரிசையாகச் செல்வார். கடைக்காரர்கள் பேச்சின்றி நூறு ரூபாயை நீட்டுவார்கள். அவர் ஓர் அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். இதற்குத் தண்டல் என்று பெயர். வரி வசூலைக் குறித்த பழைய சொல் இது. பெயர் வைத்தவர் யாராயினும் பொருத்தம் அறிந்தே வைத்திருக்கிறார்.

தண்டற் கடனின் கணக்கு இப்படி அமைவது வழக்கம். கடன் 10,000 ரூபாய். வட்டியென முன்கூட்டியே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் கடன் தீரவேண்டும். “வட்டி எவ்வளவு?” என்று பூக்காரியைக் கேட்டால், “நூற்றுக்குப் பதினைந்து” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் சொல்லப்பட்டதையே சொல்கிறார். ஆனால் அந்த விடை சரியன்று.

எப்படி என்று பார்ப்போம். கைக்கு வந்தது 8,500 ரூபாய்தான். அதுவும் நூறு நாளும் அவரிடம் இருப்பதில்லை. மறுநாள் முதலே குறைந்துகொண்டு வருகிறது. பாதி நாள் சென்றபோது ஏறத்தாழப் பாதிதான் நிற்கிறது. ஆகவே சராசரியாக அவர் கையாண்ட தொகை சுமார் 4,300 ரூபாய். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு 120-க்கும் மேலாகிறது. பதினைந்து எங்கே, நூற்றிருபது எங்கே!

தண்டற்காரரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தவணை முறையில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் 60,000 ரூபாய். இரண்டு ஆண்டுத் தவணை. வட்டி நூற்றுக்கு 12 என்கிறார்கள். ஆண்டுக்கு 7,200 வீதம் வட்டி 14,400 ரூபாய்; முதலோடு கூட்டி 24-ஆல் வகுத்தால் மாதம் 3,100 ரூபாய். மேற்பார்வைக்குக் குற்றமற்ற கணக்கு. ஆயினும் ஓராண்டு கழித்து முதலிற் பாதியளவு திரும்பிவிட்ட பின்னரும், முழு 60,000 ரூபாய்க்கன்றோ வட்டி போடப்படுகிறது? குறைந்து வரும் நிலுவைக்கு மட்டும் 12 விழுக்காடு கணக்கிட்டால் இரண்டாண்டு வட்டி சுமார் 7,800 ரூபாய்தான் ஆகும். அவர் செலுத்துவதோ அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. உண்மையான வீதம் நூற்றுக்கு 21-க்கும் மேல். நம் பள்ளிகளில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் கற்பிக்கிறார்கள். தவணைக் கடனின் உண்மை வட்டியைக் கண்டுபிடிக்கும் பயிற்சியே பலருடைய வாழ்வில் முதலில் தேவைப்படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கோயில் பணத்தை ஊர்ச் சபையார் கடனாகப் பெற்ற செய்திகள் அவற்றில் காணப்படுகின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்காற் காசு வட்டி என்று வீதம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கடன் கொடுத்தவர், பெற்றவர், ஆண்டு வீதம் ஆகிய மூன்றையும் படிக்கத் தெரிந்தவர் எவரும் படிக்கலாம்.

பிற்காலத்தில் கடன்பட்டோரைக் காக்கச் சட்டங்கள் வந்தன. 1938-ல் இராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றிற்று. அசலைப்போல் இரு மடங்கு செலுத்திவிட்ட பழைய கடன் தீர்ந்ததாகவே கொள்ளவேண்டும் என்றது அச்சட்டம். துணிவான ஏற்பாடுதான், ஆனால் உழவர்க்கு மட்டும் உரியது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தபோது, அங்கே வேலைக்கு வந்தவருக்கு அது பயன்படவில்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வட்டிக்கடைக்காரர் உரிமம் பெறவேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை.

பெயர் சொல்லித் தடுத்தும் தண்டல் நிற்கவில்லை. 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கடனால் நொந்த ஒரு குடும்பம், இரு குழந்தைகள் உட்பட, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டது. கடன் வாங்கியவரே சென்று முறையிடவேண்டும், அவரே மெய்ப்பிக்கவேண்டும் என்ற நிலையிருந்தால், வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் எதைக் காட்டுவார்? மேலும் மழையானாலும் வெயிலானாலும் கடை வாசலுக்கு வந்து அன்றைக்கே பணம் தருபவர் தண்டற்காரர் ஒருவரே. நடைபாதை வியாபாரிகளுக்காக 2020-ல் தொடங்கிய ஸ்வநிதித் திட்டத்திலே முதற்கடன் அதே 10,000 ரூபாயாக இருந்தது. அந்த வழி இன்னும் அகலமாகவேண்டும். வேறு வழி இல்லாதவரிடம் தடையை மட்டும் காட்டிப் பயனில்லை.

பொருளாதாரம் பயிலும் கல்லூரி மாணவர்கள் காப்–டக்ளஸ் உற்பத்திச் சார்பைப் படித்திருப்பீர்கள். அந்தப் பால் டக்ளஸ் பின்னாளில் அமெரிக்கச் செனட் உறுப்பினரானார். கடன் கொடுப்பவர் உண்மையான ஆண்டு வட்டியை முன்னதாகச் சொல்லவேண்டும் என்று 1960-ல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அதைக் கணக்கிடுவது கடினம் என்று கடன் வணிகர்கள் எதிர்த்தார்கள். வசூலிக்கும்போது வராத கடினம் சொல்லும்போது மட்டும் வந்துவிடுகிறது! 1966-ல் டக்ளஸ் தேர்தலில் தோற்றார். 1968-ல் சட்டம் நிறைவேறியது.

நம் நாட்டில், 2024 அக்டோபர் முதல் நாளிலிருந்து, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிமனிதருக்குக் கொடுக்கும் புதிய கடன்களுக்கு முக்கிய விவரத்தாள் ஒன்றைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட உண்மை ஆண்டு வீதம் அதில் இருக்கவேண்டும். கடன் பெறுபவருக்குப் புரிந்த மொழியில் அது எழுதப்படவேண்டும். அதில் குறிப்பிடாத கட்டணத்தை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டாலன்றி வசூலிக்கலாகாது. ஏழு நாளுக்கு மேற்பட்ட கடனானால், தாளைப் படித்து முடிவு செய்யக் குறைந்தது மூன்று வேலைநாள் அவகாசமும் உண்டு.

சாதாரண மக்கள் கேட்கும் மாற்றம் இந்த இடத்திலேதான் இருக்கிறது. விதி நன்று, அது கடை மேசை வரை வரவில்லை. கைபேசிக்கு ஓர் எண் வருகிறது. “அதைச் சொல்லுங்கள்” என்கிறார் விற்பனையாளர். சொன்னவுடன் கடன் எழுதப்பட்டுவிடுகிறது. விவரத்தாள் பின்னர்க் கைபேசியில் ஆங்கிலத்தில் வந்து கிடக்கிறது. தாளைத் தமிழில் அச்சிட்டு, கையெழுத்துக்கு முன்பே கையில் தரவேண்டும் என்று கேட்கிறார்கள். ‘மாத வட்டி’, ‘நிலையான வட்டி’ என்ற சொற்களை விளம்பரத்திலிருந்தே நீக்கி, உண்மை ஆண்டு வீதம் ஒன்றையே பெரிய எழுத்தில் போடவேண்டும் என்று கேட்கிறார்கள். தண்டல் அட்டையிலும் கையில் கொடுத்த தொகை எழுதப்படவேண்டும் என்பது பூக்காரியின் ஆசை. அவருடைய அட்டையில் இன்றும் 10,000 என்றுதான் இருக்கிறது. 8,500 என்பது எங்கும் எழுதப்படவில்லை.