கூடிப் பாடும் பழக்கம்



பள்ளி ஒன்றின் காலைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்நூறு பிள்ளைகள் அணிவகுத்து நின்று நாட்டுப் பண்ணைப் பாடுகின்றனர். 52 விநாடிகளில் அது முடிந்துவிடுகிறது. அதன் பின்னர் அவ்வைந்நூற்றுவரில் பெரும்பாலோர் அன்று முழுவதும் வாய் திறந்து பாடுவதில்லை. ஆண்டு விழா நெருங்கும்போது அவர்களுள் முப்பது பேர் பொறுக்கியெடுக்கப்படுவர்; ஏனையோர் கேட்போராகி விடுவர். பெரியவர்களாகிய நமது நிலையும் இதுதானே? சபாவில் அமர்ந்து கச்சேரி கேட்கிறோம். விரும்பிய பாடகரை விரும்பிய நேரத்தில் கைப்பேசி பாட வைக்கிறது. நாமே பாடி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணுவதில்லை. கேட்பதை நாங்கள் குறை கூறவில்லை. வானொலியில் அமர்ந்துகொண்டு அவ்வாறு கூறுவது நன்றியுடைமையும் ஆகாது. ஆயினும் பாட்டுப் பாடுவது தேர்ந்த சிலருக்கே உரியது என்னும் எண்ணம் நம்முள் வேரூன்றி விட்டது. அதனால் விளைந்த ஒரு துன்பத்தை எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

எங்கள் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது பள்ளி ஆண்டு விழாவில் சேர்ந்திசைக் குழுவில் நின்றாள். நாங்களும் முன் வரிசையில் அமர்ந்து மனமாரக் கைதட்டினோம். வீடு திரும்பும் பேருந்தில்தான் அவள் சொன்னாள்: “என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டார்கள், அப்பா. என் குரல் சேரவில்லையாம்.” அவள் அதனை ஒரு குறையாகக் கூடச் சொல்லவில்லை, இட்ட பணியைப் பிழையின்றிச் செய்து முடித்த நிறைவோடு சொன்னாள். அதுவே எங்களை வருத்தியது. அன்று முதல் வீட்டில் விளக்கேற்றும்போது தன் தாயுடன் பாடி வந்த பாட்டையும் நிறுத்திவிட்டாள்.

சுரங்களின் ஏற்றத் தாழ்வைப் பிறவியிலேயே உணர இயலாதவர் மிகச் சிலரே. மற்றப் பிள்ளைகளுக்குக் குரல் சுருதியில் சேராதது பழக்கம் போதாமையால் வருவது. உறுதியான குரல் ஒன்றின் அருகில் அமர்ந்து பலகால் பாடினால் அது தானே படிந்து வரும். எனவே சேராத குரலை அடக்குவது, நீந்தத் தெரியாத பிள்ளையைக் குளத்தின் கரையிலேயே நிறுத்தி வைப்பதை ஒக்கும்.

இதற்கு மாற்றாக அமைந்த ஓர் ஏற்பாடு தலைநகரிலேயே இருக்கிறது. 1958ஆம் ஆண்டில் தில்லியில் ஏ. எஸ். இராகவன் என்னும் பெரியார், அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாக்களுக்கு இராகமும் தாளமும் அமைத்து, கட்டணம் ஏதும் பெறாமல் பலருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ‘திருப்புகழ் அன்பர்கள்’ என்னும் அவ்வமைப்பு பின்னர் வேறு பல நகரங்களுக்கும் பரவியது. கற்பிப்பவர் ஓர் அடியைப் பாடுவார். கூடியிருப்போர் அதனையே திருப்பிப் பாடுவர். அரங்கேற்றம் இல்லை, பரிசு இல்லை, தனியே எழுந்து பாடுமாறு ஒருவரையும் வற்புறுத்துவதும் இல்லை. அம்முறையைப் பின்பற்றும் ஒரு சிறு குழு எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலைகளில் கூடுவதுண்டு. பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். எங்கள் மகளை அங்கு அழைத்துச் சென்றபோது அவள் சுவரோரமாகச் சென்று அமர்ந்தாள். அங்கிருந்த மூதாட்டி ஒருவர், “நீ தாளத்தைப் பார்த்துக்கொள், கண்ணு. பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். ஏறத்தாழ ஆறு மாதம் அவள் தாளம் மட்டுமே போட்டாள்.

எங்கள் பிழைப்பு மொழிபெயர்ப்பு. எனவே அங்கு எங்கள் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. இங்கு வளரும் நம் பிள்ளைகளிற் பலர் தமிழ் பேசுவர். ஆனால் படிக்க அறியார். அவர்களுக்குப் பாட்டைத் தேவநாகரியில் எழுதிக் கொடுப்பது வழக்கம். இந்திக்கு வழங்கும் அவ்வெழுத்தில் எகர ஒகரக் குறில்களுக்குத் தனி வடிவம் இல்லை. ஆகவே ‘கொடி’க்கும் ‘கோடி’க்கும் தாளில் வேறுபாடு இராது. றகரமும் ரகரமும் ஒன்றாகும். ழகரம் லகரமாகத் தேயும். ‘திருப்புகழ்’ என்னும் பெயரே தடுமாறும். திருப்புகழோ சந்தத்தால் நடப்பது. குறில் நிற்குமிடத்தில் நெடில் நின்றால் அடி தாளத்தை விட்டு நழுவும். எழுதிய தாளால் திருத்த இயலாத இப்பிழையைக் கூட்டம் திருத்திவிடுகிறது. பிள்ளை ‘கோ’ என்று நீட்டத் தொடங்கும்போதே இருபது கைகள் அடுத்த தட்டுக்குச் சென்றுவிடும். தாளம் எவருக்காகவும் காத்திராது. இரண்டாம் முறை அவ்வெழுத்து தானே குறுகும். அருகிலிருக்கும் மூதாட்டியின் நாவைப் பார்த்து ழகரமும் வந்துவிடும். இருபது ஆண்டுகளாகச் சொற்களைச் சீர்தூக்கி வரும் எங்களால் வீட்டில் சொல்லிக் கொடுத்து இயலாத காரியம் இது!

சமயப் பாடல் வேண்டாதவர் பாரதியாரின் பாடல்களைக் கொள்ளலாம். கிறித்தவத் தமிழர்க்கோ நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலந்தொட்டே கருநாடக இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளைச் சபையார் அனைவரும் எழுந்து நின்று பாடி வருகின்றனர். அங்கே ‘குரல் சேராதவர் வாயை அசைக்க’ என்னும் விதி இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை.

பல மொழிப் பிள்ளைகள் கலந்து பயிலும் பள்ளிகளுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவர சாகித்தியங்கள் மிகப் பொருத்தமானவை. ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மேனாட்டு மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் சொல் அமைத்தார். இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று! கமகங்கள் இல்லாத நேரான சுரங்கள் ஆதலின் இளங்குரல்கள் எளிதிற் பற்றிக்கொள்ளும். பஞ்சாபிப் பிள்ளைக்கும் வங்காளப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அவை சம அளவில் புதியவை. எவருக்கும் முற்றிலும் அயலானவையும் அல்ல. பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண் பற்றிக் கேட்கும் நாம், வாரத்தில் ஒரு பாடவேளை முழு வகுப்பும் சேர்ந்து பாட ஒதுக்குவீர்களா என்றும் கேட்கலாம்.

தொடங்க விரும்புவோர்க்கு ஒரு சொல். முதல் இடர்ப்பாடு சுருதியில்தான் வரும். ஆடவர்க்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையும், பெண்டிர்க்கு ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையும் இயல்பு. ஒரு பாலார்க்கு இசைந்தது மற்றவர்க்கு எட்டாது. இரண்டு மூன்று வாரங்கள் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் நிலைநிறுத்த வேண்டும். நன்றாகப் பாடுபவரை விடத் தவறாது வருபவரே குழுவுக்குத் தூண். கைப்பேசியில் பதிவு செய்வதை முதல் ஆண்டில் தவிர்ப்பது நலம். பதிவு என்றவுடன் கூச்சமுடையோர் குரலை விழுங்கிவிடுகின்றனர்.

எங்கள் மகள் பாடத் தொடங்கிய நாளை நாங்கள் அறியோம். அவளருகில் அமர்ந்திருந்த அம்மூதாட்டி ஒருநாள் எங்களிடம், “போன மாதத்திலிருந்தே பாடுகிறாளே, உங்களுக்குக் கேட்கவில்லையா?” என்றார். கேட்கத்தான் இல்லை. இருபது குரல்களுக்கிடையே அவள் குரலைத் தனியே பிரித்தறிய எங்களால் இயலவில்லை.