நடப்பவர் காலுக்கும் வெளிச்சம் வேண்டும்!

(தூத்துக்குடியில் உப்பள, துறைமுகத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



முயல் தீவில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. இருட்டில் வருகிற கப்பலுக்கு அது கரையைக் காட்டுகிறது. நல்லது, கப்பலுக்கு அது வேண்டும். ஆனால் அந்தக் கப்பலில் சரக்கு ஏற்றிவிட்டு நடுச்சாமத்தில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு? வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டுமென்று விடியுமுன்பே உப்பளத்துக்குப் புறப்படும் தாய்க்கு? அவர்களுக்குக் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டாமா?

மின்சாரம் இல்லாத ஊரா இது? 1979-ல் இங்கே அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. பிறகு தலா 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட்டுகள் ஆயின. 2015-ல் இன்னொரு நிலையத்தில் தலா 500 மெகாவாட்டில் இரண்டு யூனிட்டுகள் வந்தன. மின்சாரம் நம் வாசலிலேயே பிறக்கிறது. ஆகவே கேள்வி மின்சாரம் உண்டா என்பதல்ல. விளக்கு யாருக்காக என்பதே.

தெருவிளக்கு கேட்டு மனுக் கொடுத்தால் எந்த ஊரிலும் ஒரே பதில்தான்: "இத்தனை கம்பம் நட்டோம், இத்தனை பல்பு போட்டோம்." கம்பத்தை எண்ணினால் போதுமா? வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டாமா? இந்தியத் தர நிர்ணயம் தெருவிளக்குக்கு அளவு வைத்திருக்கிறது. வேகமான வண்டிகள் ஓடும் முக்கிய சாலைக்கு 30 லக்ஸ். போக்குவரத்து குறைந்த தெருவுக்கு 4 லக்ஸ். வண்டி எவ்வளவு என்பதை வைத்துத்தான் இந்தக் கணக்கு. அளப்பதும் ரோட்டின் மேல். எதிரே வருகிறவரின் முகத்தில் விழும் வெளிச்சம் இந்தக் கணக்கில் எங்கே?

நடப்பவர்களுக்கு மூன்று வேண்டும். ஒன்று, காலடி தெரிய வேண்டும்: குழி, கல், மூடியில்லாத சாக்கடை. இரண்டு, எதிரே வருபவரின் முகம் நாலு மீட்டர் தூரத்திலாவது தெரிய வேண்டும். ஆள் யார், நோக்கம் என்ன என்று புரிந்து விலகிக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும்; பெண்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று, வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும்.

மூன்றாவதில்தான் நாம் ஏமாந்து போகிறோம். லாரியின் விளக்கு நமக்குத் தெரிகிறது; ஆகவே டிரைவருக்கும் நாம் தெரிவோம் என்று நம்பிவிடுகிறோம். அது தவறு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கறுத்த சேலை கட்டி ஓரமாக நடப்பவரை டிரைவர் கண்டுகொள்ளும்போது பிரேக் போட இடம் இருக்காது. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள்! ஐந்தில் ஒருவர்!

இன்னொன்றையும் கவனியுங்கள். பகலெல்லாம் உப்பின் வெண்மையில் கூசிய கண் இரவில் இருட்டுக்குப் பழகத் தாமதமாகும். சாதாரணக் கண்ணுக்கே இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். பழகிய கண்ணும் ஒரு லாரியின் வெளிச்சம் பட்டால் மறுபடி குருடாகிறது. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம் இருபது வயதில் எட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, கண்ணைக் கூலிக்குக் கொடுத்து உழைத்தவர்களுக்குத்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும். அவர்கள் நடக்கும் பாதைக்கோ 'போக்குவரத்து குறைவு' என்று பெயர்!

இந்தக் கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் தோணிகள் இருட்டிலேயே கரைக்காற்றில் புறப்பட்டன. ஆனால் பொழுது விடிந்த பிறகே குளியாளிகள் கடலில் இறங்கினார்கள். கண் தெரியாமல் இறங்கக் கூடாது என்பது கடலுக்கே சட்டமாக இருந்தது. தெருவுக்கு மட்டும் ஏன் அந்தச் சட்டம் இல்லை?

நாம் கேட்பது இவைதான். பொறுப்புள்ள அதிகாரிகள் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு நம்மோடு உப்பளப் பாதையில் நடந்து வரட்டும். வெளிச்சத்தைத் தரையிலும் முக உயரத்திலும் அளக்கட்டும். ஒரு கம்பத்தடியில் கண் கூசி, அடுத்த கம்பம் வரை இருட்டு என்றில்லாமல் பாதை முழுதும் சீராக வெளிச்சம் பரவட்டும். விளக்கை மறைக்கும் கிளைகளை வெட்டட்டும். ஆலை வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் சாலையைக் கடக்கும் இடத்துக்கு நேர் மேலே அல்ல, வண்டி வருகிற பக்கமாகச் சற்று முன்னே விளக்கு வைக்கட்டும். அப்போதுதான் கடப்பவரின் உடல்மேல் வெளிச்சம் விழுந்து டிரைவருக்குத் தெரியும். விடிந்து நிலம் தெளியும் வரை விளக்கை அணைக்காதிருக்கட்டும்.

தோழர்களே! 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் ஒன்றுபட்டு நின்று கூலி உயர்வையும் ஞாயிறு விடுமுறையையும் பெற்ற ஊர் இது. யாரும் தாமாகக் கொடுக்கவில்லை, கேட்டு வாங்கினார்கள். வேலைக்குப் போகிறவர் முழு உடலோடு வீடு திரும்ப வேண்டும். நாம் கேட்பது அலங்கார விளக்கல்ல, அந்த உத்தரவாதம். தெருத்தெருவாகக் குறிப்பெடுப்போம். எங்கே இருட்டு, எந்த விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்று எழுதுவோம். அந்தக் கணக்கோடு ஒன்றாகப் போய்க் கேட்போம்!