திறப்பு யாரிடம் இருக்கிறது?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இப்படியான ஒரு நாளில் பழைய நினைவுகளைப் பேசுவதே வழக்கம். என்னிடம் கேட்கப்பட்டதோ வேறு விடயம்: எங்கள் சொந்தத் தகவல்களுக்கு நாளாந்தம் நாங்கள் நம்பியிருக்கும் காவல்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது. ஆனாலும் பாடசாலையை விட்டு விலகாமலே இதைப் பேசலாம். அந்த ஓட்டைகளுள் ஒன்று பாடசாலையின் பெயர்தான்.

கடவுச்சொல்லை மறந்துவிட்டால் சில நிறுவனங்கள் கேள்வி கேட்கும். முதலில் படித்த பாடசாலை எது? பிறந்த ஊர் எது? தாயாரின் கன்னிப் பெயர் என்ன? இவை எங்களுக்குள் இரகசியங்களா? தாயாரின் கன்னிப் பெயர் என்பது எங்கள் வழக்கத்தில் பெரும்பாலும் அம்மப்பாவின் பெயர். பத்திரிகையில் வரும் ஒரு மரண அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். பிறந்த இடம், வசித்த இடம், பெற்றோர், கணவர், பிள்ளைகள், மருமக்கள், அவர்கள் வாழும் நாடுகள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அம்மம்மாவின் செத்தவீட்டை ஊருக்கு அறிவிக்க நாங்கள் போட்ட விளம்பரமே அந்தக் கேள்விக்கு விடையாகிவிடுகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2008 ஆம் ஆண்டு அமெரிக்காவில் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் புகுந்தார். பெரிய கணினி வித்தை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பிறந்த திகதி, தபால் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகியனவே கேட்கப்பட்டன. கடைசிக் கேள்விக்கு விடை, அவர் படித்த பாடசாலை. 2015 இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, ஆங்கிலம் பேசுவோரிடம் "பிடித்த உணவு எது?" என்று கேட்டால், முன்பின் தெரியாத ஒருவர் ஒரே ஊகத்தில் சரியான விடையைச் சொல்ல 19.7 சதவீத வாய்ப்பு உண்டு.

அடுத்தது எங்கள் அடையாள அட்டை. பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 65 இற்குப் பின் 535 என்றிருந்தால், அவர் 1965 பெப்ரவரி 4 இல் பிறந்த பெண். புதிய 12 எண் அட்டையில் ஆண்டு முழுமையாகவே இருக்கிறது. வயதைச் சொல்ல விரும்பாத அக்காமார் கவனிக்கவும். அட்டையின் போட்டோக்கொப்பியைக் கேட்ட இடமெல்லாம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இனி என் கதை. கணினி படிப்பிப்பவள் நான். சென்ற வருடம் வகுப்புத் தோழி ஒருத்தியின் இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "எனக்கு வரவேண்டிய ஆறு எண்கள் தவறி உனக்கு வந்துவிட்டன, அனுப்பிவிடு." சமையலுக்கு நடுவே அனுப்பிவிட்டேன். அவை என் கணக்கின் திறப்பு. அவளுடைய கணக்கை முன்பே யாரோ பறித்திருந்தார்கள். சில நிமிடங்களில் என் பெயரில் எல்லாருக்கும் செய்தி போனது: அவசரம், காசு வேண்டும் என்று. வெளிநாட்டிலிருந்த ஒரு சிநேகிதி உடனே அனுப்பினாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று பிறகு அழுதேன். "நீ கேட்டால் நான் யோசிப்பேனா?" என்றாள். கள்ளன் உடைத்தது தொலைபேசியை அல்ல. நாற்பது வருட நம்பிக்கையைத்தான் திறப்பாகப் பாவித்தான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். தொலைபேசிக்கு வரும் குறியீட்டை எவருக்கும், எனக்கும்கூட, கொடுக்காதீர்கள். வட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான இரகசிய எண்ணை இன்றே போடுங்கள். யாராவது காசு கேட்டால் அழைத்துக் குரலைக் கேளுங்கள். குறை நினைக்க மாட்டோம் என்று இந்தச் சபையிலேயே முடிவெடுப்போம். பாதுகாப்புக் கேள்விக்கு உண்மையான விடை தேவையில்லை; எவரும் ஊகிக்க முடியாத ஒன்றை எழுதி, அதை வீட்டில் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, மலர்க்குழுவினருக்கு ஒன்று. இன்று வாசலில் தந்த படிவத்தில் கன்னிப் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அன்பினால்தான் கேட்டீர்கள், தெரியும். ஆனால் இந்த மலர் உலகம் முழுவதும் போகப்போகிறது. நோக்கத்துக்குத் தேவையான அளவு தகவலையே திரட்ட வேண்டும் என்பது எங்கள் நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. பெயரும் படித்த ஆண்டும் போதும். அவ்வளவு தெரிந்தால், எந்த வாங்கில் யாருக்குப் பக்கத்தில் இருந்தவள் என்பதுவரை நாங்களே கண்டுபிடித்துவிடுவோம்.