பக்கம் மாறி நின்ற வழக்கறிஞர்

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



நீதிமன்றத்தின் வாசல் யாவர்க்கும் திறந்திருக்கிறது என்கிறோம். உண்மைதான். ஆனால், உள்ளே சென்ற ஏழைக்காக வாய் திறப்பவர் யார்? கையிழந்த தொழிலாளி ஒரு பக்கம். கோடி படைத்த கம்பனி மறுபக்கம். சட்டம் இருவர்க்கும் பொது. சட்டம் கற்றோனின் நாவோ பணமுள்ள பக்கமே சாய்கிறது. அப்படிச் சாய்ந்திருந்து, பின்பு மனம் மாறிய சிற்றூர் வழக்கறிஞர் ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்தேன். அவர் பெயர் ஜெரி ஸ்பென்ஸ்.

அமெரிக்காவின் மேற்கே, மலையும் புல்வெளியும் மலிந்து மக்கள் அருகிய மாநிலம் வையோமிங். அங்கே லறமி என்னும் ஊரில் 1929ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை இரசாயன நிபுணர். எனினும், பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அக்காலத்தில், அவர் வேட்டையாடிக் கொணர்ந்த இறைச்சி குடும்பத்தின் பசி தீர்த்தது. மகனுக்கு இருபது வயதானபோது தாயார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1952இல் சட்டப் பட்டம் பெற்ற ஸ்பென்ஸ், றிவேர்ட்டன் என்னும் சிற்றூரில் தொழில் நடத்தினார். அரச வழக்குத் தொடுநராகவும் இருந்தார். 1962இல் காங்கிரஸ் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

காப்புறுதிக் கம்பனிகள் அவரை அமர்த்தின. விபத்திலே காயமுற்றோர் நட்டஈடு கேட்டால், அதனைக் கிடையாமற் செய்வதே அவர் வேலை. ஒருமுறை முதியவர் ஒருவரின் வழக்கை முறியடித்தார். பின்னர் அதே முதியவரைக் கடையொன்றிலே சந்தித்தார். முதியவர் வசைமொழி கூறவில்லை. நீர் உமது கடமையைத்தானே செய்தீர் என்ற கருத்தில் ஆறுதல் கூறினார். அந்த ஆறுதலே ஸ்பென்சைச் சுட்டது. அன்றுமுதல் கம்பனிகளின் பக்கத்தை உதறிவிட்டுக் காயமுற்றோர் பக்கம் வந்தார். இதனை அவரே எழுதியிருக்கிறார்.

அன்பர்களே! அந்நாட்டில் இத்தகைய வழக்குகளிலே, வென்றாலன்றிக் கூலியில்லை என்ற உடன்பாடு உண்டு. வென்றால் நட்டஈட்டில் ஒரு பங்கு வழக்கறிஞருக்கு. ஏழை படியேற அது வழி செய்கிறது.

கறென் சில்க்வுட் என்னும் பெண் ஒக்லகோமாவிலே கேர்-மக்கீ கம்பனியின் புளூட்டோனியத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், தொழிற்சங்கத்தில் முன்னின்றவர். அவர் உடலிலும் வீட்டிலும் புளூட்டோனியம் காணப்பட்டது. சில நாட்களில், 1974 நவம்பர் 13ஆம் திகதி, கார் விபத்தில் மாண்டார். அவரே அதனை வெளியே கொண்டுசென்றார் என்றது கம்பனி. குடும்பத்தின் சார்பில் வாதாடிய ஸ்பென்ஸ் கேட்டது எளிய கேள்வி: ஒருவன் தன் வளவிலே சிங்கம் வளர்க்கிறான்; அது தப்பி அயலவனைக் கடித்தால் பொறுப்பாளி யார்? 1979இல் ஜூரிமார் ஒரு கோடியே ஐந்து இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தனர். மேன்முறையீடுகள் நடந்தன. தண்டனையான நட்டஈட்டை மத்திய அணுசக்திச் சட்டம் தடுக்காதென 1984இல் உயர்நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் முடிவு செய்தது. ஈற்றில் 1986இல், கம்பனி குற்றத்தை ஒப்பாமலே 13 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. தொகை சுருங்கியது, நெறி நிலைத்தது.

ஸ்பென்சுக்குக் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. 1990இல் இமெல்டா மார்க்கோசுக்காக வாதாடி விடுதலை பெற்றுக் கொடுத்தவரும் அவரே. ஆனால் 1994இல், எளியோருக்காக வாதாடும் வழக்கறிஞரைப் பயிற்றுவதற்கெனக் கல்லூரியொன்றை நிறுவியவரும் அவரே. 2025இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார்.

சட்டம் படிக்கும் இளைஞர்களே! உங்கள் வெற்றி யாருடைய தோல்வி என்று ஒவ்வொரு வழக்கின் முடிவிலும் கேளுங்கள். அந்த முதியவரைப் போன்ற ஒருவர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், தலைநிமிர்ந்து முகம் பார்க்க முடிய வேண்டும். அதற்கேற்ற தொழிலைச் செய்யுங்கள்.