உப்பும் சர்க்கரையும் சேர்ந்து திறக்கும் கதவு

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த மாணவர் நிகழ்ச்சியில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையிலேயே தருகிறோம். – ஆசிரியர் குழு)



செல் பாடத்தில் சவ்வுக் கடத்தல் பகுதி பிள்ளைகளைக் குழப்புகிறது, அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். பெரியவர்களும் வருவார்கள், அவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்றும் சொன்னார். இரண்டுக்கும் பொருந்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் வயிற்றுப்போக்கு. சிரிக்காதீர்கள். மழைக்காலம் வரப்போகிறது. சம்ப்பிலும் மேல்தொட்டியிலும் அழுக்கு நீர் கலந்தால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த நோய்க்கு நாம் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குள் உங்கள் பாடம் முழுவதும் இருக்கிறது.

புத்தகத்தில் செல் படம் என்றால் ஒரு வட்டம், நடுவில் உட்கரு, சுற்றிலும் நுண்ணுறுப்புகள். அப்படி ஒரு 'பொதுச் செல்' உடம்பில் எங்கும் கிடையாது. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேலை உண்டு, அந்த வேலைக்கேற்ற அமைப்பும் உண்டு. ஆகவே இன்று ஒரே ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். சிறுகுடலின் உட்சுவரில் வரிசையாக நிற்கும் உறிஞ்சு செல். அதன் ஒரு பக்கம் குடலின் உள்வெளியைப் பார்த்திருக்கிறது. அங்கேதான் நாம் சாப்பிட்டதெல்லாம் கூழாக ஓடுகிறது. மறுபக்கம் ரத்த நாளங்களைப் பார்த்திருக்கிறது. குடல் பக்கத்தை வாசல் என்றும், ரத்தப் பக்கத்தைப் பின்கட்டு என்றும் வைத்துக்கொள்வோம். வாசல் பக்கச் சவ்வு பிரஷ்ஷின் இழைகள் போல நுண்விரல்களாக நீட்டிக்கொண்டிருக்கும். உறிஞ்சும் பரப்பு அதனால் பல மடங்கு கூடுகிறது.

இந்தச் செல்லின் ஆயுள் சில நாட்கள்தான். அதற்குள் அது தன் சவ்வில் பொருத்த வேண்டிய புரதங்களைச் செய்தாக வேண்டும். செய்முறை உட்கருவில், டி.என்.ஏ.வில் இருக்கிறது. அதன் நகலை வைத்துக்கொண்டு, சொரசொரப்பான எண்டோபிளாச வலையின் மேல் உள்ள ரிபோசோம்கள் புரதத்தைச் செய்கின்றன. கோல்கை உறுப்பு அதைச் சீர்செய்து, எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறது. மைட்டோகாண்ட்ரியா ஏ.டி.பி. என்ற ஆற்றல் நாணயத்தைத் தருகிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரி என்று மனப்பாடம் செய்வதைவிட, இந்த ஒரு புரதம் போகும் வழியைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். எல்லா உறுப்புகளும் வரிசையில் வந்து நிற்கும்.

அடுத்தது சவ்வு. இரண்டு அடுக்குக் கொழுப்பு, அதில் மிதக்கும் புரதங்கள். 1972-ல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் சொன்ன திரவ மொசைக் மாதிரி இதுதான். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய மூலக்கூறுகள் கொழுப்பைக் கடந்து தாமாகவே பரவிவிடும். உப்பிலுள்ள சோடியம் அயனிக்கு மின்சுமை இருக்கிறது. குளுக்கோஸ் பெரியது, நீரை விரும்புவது. இவை இரண்டுக்கும் கொழுப்புச் சுவரில் வழியில்லை. புரதக் கதவு வேண்டும்.

முதல் கதவு பின்கட்டில் இருக்கிறது. அது சோடியம்–பொட்டாசியம் பம்ப். ஒரு ஏ.டி.பி.யைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. 1957-ல் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-ல் நோபல் பரிசு பெற்றார். பம்ப் ஓய்வில்லாமல் ஓடுவதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு, வெளியே அதிகம். மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைத்திருப்பது போலத்தான். மோட்டார் ஓடும்போது மின்சாரம் செலவாகிறது. அதன் பிறகு குழாயைத் திறந்தாலே தண்ணீர் தானாக இறங்கி வரும்.

அந்தக் குழாய் வாசல் பக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர் எஸ்.ஜி.எல்.டி.1. நம் செக்யூரிட்டி விதி தெரியுமல்லவா, விருந்தினரைக் குடியிருப்பவர் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். இந்தக் கதவு அதைவிடக் கண்டிப்பு. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திரும்பும். சோடியம் மட்டும் வந்தால் நகராது, குளுக்கோஸ் மட்டும் வந்தாலும் நகராது. உள்ளே இறங்கத் துடிக்கும் சோடியத்தின் வேகத்தில் குளுக்கோஸும் கூடவே வந்துவிடுகிறது. 1960-ல் பிராக் நகரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

உள்ளே வந்த சோடியத்தைப் பம்ப் பின்கட்டு வழியாகத் தள்ளுகிறது. குளுக்கோஸ் வேறொரு புரதம் வழியாக, அடர்வு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு இறங்கி ரத்தத்துக்குப் போகிறது. கரைபொருள் போன பக்கம் நீரும் போகும். அதுதான் சவ்வூடு பரவல். உணவும் பானமும் உமிழ்நீரும் செரிமானச் சாறுகளுமாக நம் குடலுக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் திரவம் வருகிறது. மலத்தில் வெளியேறுவது 100, 200 மில்லிதான். மீதியெல்லாம் இந்த வேலையால்தான் உடலுக்குத் திரும்புகிறது.

பிள்ளைகளே, இப்போது எழுதிக்கொள்ளுங்கள். பம்ப் செய்வது முதல்நிலை ஆற்றல் சார்ந்த கடத்தல். எஸ்.ஜி.எல்.டி.1 செய்வது இரண்டாம் நிலை, இரண்டும் ஒரே திசையில் போவதால் சிம்போர்ட். பின்கட்டில் குளுக்கோஸ் வெளியேறுவது புரதம் துணை செய்யும் பரவல். நீர் போவது சவ்வூடு பரவல். புத்தகத்தில் தனித்தனித் தலைப்பில் படித்த நான்கும் ஒரே செல்லில் நடக்கின்றன.

இனி நோய்க்கு வருவோம். காலரா கிருமி குடல் செல்லைத் துளைத்து உள்ளே போவதில்லை. மேலே ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை விடுகிறது. அந்த நச்சுதான் காரணம் என்பதை 1959-ல் கல்கத்தாவில் சம்பு நாத் டே நிரூபித்தார். நச்சு செல்லுக்குள் போனதும் குளோரைடு அயனியை வெளியே விடும் கதவு திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, சோடியம் பின்னால் போகிறது, நீரும் போகிறது. உப்பை உறிஞ்சும் வழக்கமான இன்னொரு வழியும் அடைபடுகிறது. இப்படியே போனால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து.

ஆனால் அந்த நச்சு தொடாத கதவு ஒன்று இருக்கிறது. எஸ்.ஜி.எல்.டி.1 அப்போதும் வேலை செய்கிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் பயனில்லை, உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தாலும் பயனில்லை. உப்போடு சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் கதவு திரும்பும், நீர் உள்ளே போகும். ஓ.ஆர்.எஸ். என்பது இவ்வளவுதான்.

இது உயிர் காக்கும் என்று பெரிய அளவில் தெரிந்தது 1971-ல். வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. மருத்துவமனை நிரம்பித் தரையிலும் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் டாக்டர் திலீப் மகாலனபிஸ். குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டச் செய்தார். டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களே குடிக்கக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். அதே காலத்தில் மற்ற முகாம்களில் காலராவுக்கு 30 சதவீதம் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அவர் பார்த்த நோயாளிகளிடையே இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. கையில் ஒரு டம்ளர்தான். 2022-ல் அவர் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாய்ப்பாடு 2002-ல் வந்தது. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். கணக்குப் போடுங்கள். 13.5-ஐ 180-ஆல் வகுத்தால் 75 மில்லிமோல் குளுக்கோஸ். உப்பிலிருந்து 44, சிட்ரேட்டிலிருந்து கிட்டத்தட்ட 30, ஆகச் சோடியமும் ஏறக்குறைய 75. கதவு கேட்பது இரண்டுக்கு ஒன்று அல்லவா என்று யாராவது கேட்பீர்கள். குடலுக்குள் உடலே விட்ட சோடியமும் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். மொத்தக் கரைபொருள் அளவு 245. ரத்தத்தில் அது சுமார் 290. கரைசல் ரத்தத்தைவிட நீர்த்திருப்பதால் நீர் உள்ளே போவது எளிதாகிறது.

'பாவம், குழந்தை, இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடலாமே' என்பது இங்கேதான் ஆபத்தாகிறது. சர்க்கரை கூடினால் குடல் பக்கம் அடர்வு கூடும். சவ்வூடு பரவல் திசை மாறும். உடலிலுள்ள நீர் குடலுக்குள் வரும், போக்கு அதிகமாகும். குளிர்பானமும் பாக்கெட் பழச்சாறும் இந்த நேரத்தில் கூடாது என்பது இதனால்தான். அவற்றில் சர்க்கரை மிக அதிகம், சோடியம் மிகக் குறைவு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பக் கூடாது. நம் வீட்டு உப்புக் கஞ்சி நல்ல துணை. அரிசி மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாகத்தான் கதவுக்கு வருகிறது.

இனி பெரியவர்களுக்கு. கடையில் வாங்கும்போது 'உலக சுகாதார நிறுவன வாய்ப்பாடு' என்று பொட்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் இனிப்பு பானங்கள் விற்றுவந்தன. அந்த வாய்ப்பாட்டில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதியைப் போட்டு மீதியை மடித்து வைக்க வேண்டாம். காய்ச்சி ஆறிய தண்ணீர் நல்லது. கரைத்த பின் கொதிக்க வைக்க வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பொட்டலம் கிடைக்காத அவசரத்துக்கு, ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு முறை போன பிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். குழந்தைகளுக்கு டாக்டர் துத்தநாக மருந்து எழுதினால், போக்கு நின்றுவிட்டாலும் சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். போக்கை உடனே நிறுத்தாது, இழந்த நீரை ஈடுகட்டும். 'கொடுத்தும் நிற்கவில்லையே' என்று பாதியில் விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

கண் குழி விழுந்தால், குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், குடிக்க முடியாமல் போனால், மலத்தில் ரத்தம் இருந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இதய நோய் உள்ள பெரியவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்கூட்டியே தங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்திடம் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு இரண்டு பொட்டலம் வைத்துக்கொள்வது நம்மால் முடியும். செக்யூரிட்டி அறையிலும் ஒரு டப்பா நிறைய வையுங்கள். நம் குப்பையை எடுப்பவர்கள், தோட்ட வேலை செய்பவர்கள், இரவுக் காவலில் இருப்பவர்கள் குடிப்பதும் இதே சம்ப்புத் தண்ணீர்தான். அவர்களில் பலருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. கரைக்கும் முறையைத் தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் எழுதி அந்த டப்பாவின் மேல் ஒட்டும் வேலையை முன்வரிசைப் பிள்ளைகளிடம் விடுகிறேன். ஓரத்தில் அந்தச் செல்லின் படத்தையும் வரையுங்கள். இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் உங்களுக்கு மறக்காது.