படகுக்கும் சும்மாடு வேண்டும்

பத்தாங் பெர்ஜுந்தாய் என்று நாம் இன்றும் வாய் நிறையச் சொல்லும் ஊருக்கு 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும், ஊரைத் தொட்டு ஓடும் சிலாங்கூர் ஆறு மாறவில்லை. அது கோலசிலாங்கூரில் கடலோடு கலக்கிறது. அங்கே இன்று பல படகுகள் மரத்தால் ஆனவை அல்ல. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த ஃபைபர் படகுகள். 1990-இல் தொடங்கிய ராஜா மூடா பாய்மரப் படகுப் போட்டியில், கிள்ளான் துறைமுகத்திலிருந்து லங்காவி நோக்கிச் செல்லும் படகுகள் பலவும் இந்த வகைதாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஆற்றுமுகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஒரு ஃபைபர் படகைக் கரையில் கட்டியிருந்தார்கள். வற்று நீரின் இழுப்பு பலமாக இருந்தது. திடீரென்று ‘படார்’ என்று ஓர் ஓசை. கயிறு அறவில்லை, முடிச்சும் அவிழவில்லை. கயிறு கட்டியிருந்த இரும்புக் கொம்பு, தன் போல்ட்டுகளோடு படகின் மேல்தளத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. நல்ல வேளையாக யாரும் எதிரே நிற்கவில்லை. நின்றிருந்தால் அந்தக் கொம்பு கவண்கல்லைப் போல் மேலே பாய்ந்திருக்கும்.

போல்ட் நல்ல போல்ட். கயிறும் புதுக் கயிறு. பிறகு குறை எங்கே? தளத்தின் அடியில் எட்டிப் பார்த்தோம். நட்டுகளுக்குக் கீழே தாங்கு தகடு இல்லை.

தலையில் விறகுக் கட்டைச் சுமக்கும் நம் தாய்மார்கள் முதலில் எதை வைக்கிறார்கள்? சும்மாடு வைக்கிறார்கள். சும்மாட்டால் சுமை குறைவதில்லை. ஆனால் ஒரே இடத்தில் குத்தும் பாரம், தலை முழுதும் பரவுகிறது. தாங்கு தகடு செய்வதும் இதே வேலைதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 8 மில்லிமீட்டர் போல்ட்டின் நட்டு ஒன்று, ஏறத்தாழ 1 சதுர சென்டிமீட்டர் இடத்தைத்தான் அழுத்தும். நான்கு நட்டுக்கு 4 சதுர சென்டிமீட்டர். கயிறு 200 கிலோ பலத்தோடு மேல்நோக்கி இழுத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 50 கிலோ விழும். அடியில் 10 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கெட்டியான தகட்டை வைத்தால், பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். அதே இழுப்பு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாகப் பரவிவிடும். தகடு மெல்லியதாக இருந்தால் வளைந்துபோகும், பயன் தராது.

இனி, தகட்டைப் பொருத்தும் முறை. முதலாவது, திருகாணியை நம்பக்கூடாது. சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஃபைபரில் அதற்குப் பிடிப்பு போதாது. தளத்தை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுதான் வேண்டும்.

இரண்டாவது, உலோகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுக்கு அதே எஃகுத் தகடு நல்லது. அலுமினியத் தகட்டோடு அதைச் சேர்த்தால், உப்பு நீர் பட்டவுடன் இரண்டுக்கும் இடையே மின்வேதி மாற்றம் நிகழும். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக அரிந்துபோகும்.

மூன்றாவது, தகட்டின் மூலைகளை அரத்தால் உருட்டிவிட வேண்டும். கூரிய மூலை ஃபைபரை வெட்டும். தளத்தின் அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருந்தால், கெட்டியாகக் குழைத்த எபாக்சிப் பிசினைப் பூசி அதன்மேல் தகட்டைப் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் மட்டுமே பாரம் விழும்.

நான்காவது, சில படகுகளின் தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரம் இருக்கும். துளை வழியாக நீர் இறங்கினால் அந்த மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். ஆகவே துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் மறுபடியும் சரியான அளவில் துளைக்க வேண்டும்.

கடைசியாக, கொம்பின் அடியில் நீர் புகாத பசையைப் பூசி, நட்டுகளை மாறி மாறிச் சீராக முடுக்க வேண்டும். முதலில் அளவாக முடுக்கி, பசை இறுகிய பின் இன்னும் சற்று முடுக்கினால், பசை முழுவதும் பிதுங்கி வெளியேறாது. ஃபைபரைத் துளைக்கும்போது மூக்குக்கும் கண்ணுக்கும் காப்பு அவசியம். அந்தத் தூள் தோலில் அரிக்கும், நுரையீரலுக்கும் கெடுதல்.

‘பால்மரத்திலும் செம்பனையிலும் பிழைத்த நமக்குப் படகு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தைவிட்டுப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஃபைபர் வேலையும் ஒரு கைத்தொழில்தான். அதோடு, இந்தப் பாடம் நம் வீட்டிலேயே இருக்கிறது. குழந்தையின் தொட்டில் கொக்கியைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். அது மெல்லிய கூரைப் பலகையில் திருகப்பட்டிருந்தால், இன்றே இறக்கிவிடுங்கள். பிள்ளை வளரும், ஆட்டும் வேகமும் கூடும், துளையோ நாளுக்கு நாள் தளரும். உறுதியான உத்திரத்தில் துளையிட்டு, போல்ட்டை மேலே வரை செலுத்தி, அங்கே ஓர் அகலமான இரும்புத் தகட்டை வைத்து நட்டுப் போடுங்கள். உத்திரம் உளுத்திருந்தால் அதில் தொட்டில் கட்டவே வேண்டாம்.

எங்கள் பிள்ளைகள் அன்று மாலை வீடு திரும்பியதும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? தம்பி தங்கையரின் தொட்டிலுக்கு மேலே ஏறிப் பார்த்ததுதான். இன்று நீங்களும் ஒரு முறை பாருங்கள்.