கையும் முகமும் தெரியட்டும்

நாடகத்தைக் கண்ணாலும் கேட்கலாம். அமெரிக்காவில் 1968இலேயே காது கேளாதோரின் சிறுவர் நாடகக்குழு உருவானது. அங்கே சைகையும் குரலும் ஒரே மேடையில். கேட்கும் பிள்ளைகளுக்கு அலுக்காதா என்பீர்கள். அலுக்காது. நம் கூத்தைப் பாருங்கள்: அரசனா அரக்கனா என்பதை உடுப்பும் ஆட்டமுமே சொல்லிவிடும். சரி, மேடையோரம் ஒரு சைகைமொழிபெயர்ப்பாளர் நின்றால் போதாதா? காது கேளாத பிள்ளை அவரைப் பார்த்தால் நடிகரைத் தவறவிடும். நடிகரைப் பார்த்தால் கதையைத் தவறவிடும். பாத்திரமே சைகையில் பேசவேண்டும்.

கைதடி நவீல்ட் பாடசாலையில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிறார்கள். கொழும்புத்துறையில் சிறுவர் நாடகம் போடுகிறவர்களே, அவர்களையும் குடும்பத்தோடு அழையுங்கள், நடிக்கவும் அழையுங்கள். மேடையில் வெளிச்சம் குறையவேண்டாம். கையும் முகமும் தெரியட்டும். முன்வரிசையை அவர்களுக்கு விடுங்கள்.